1969 ஹெரால்டா, 1985 மாருதியா?

கேள்வி சுருக்கமாக இதுதான். நாமக்கல் பக்கத்தில் ஒரு வீட்டில் 1969-ம் வருடத்து நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று நிற்கிறது. சேலத்தில் 1985 மாருதி 800 ஒன்று. இரண்டும் ஓடுகிற வண்டிகள், இரண்டும் விலைக்கு வந்திருக்கின்றன. கேட்பவர் வீட்டில் ஒரு காருக்குத்தான் இடம். பழைய வண்டி வைத்துப் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று போய்வர வேண்டும், பத்தாவது படிக்கிற பையனுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். எதை எடுக்கலாம்?

பத்து பேரிடம் கேட்டால் ஒன்பது பேர் "மாருதியை எடு, ஸ்பேர் கிடைக்கும்" என்பார்கள். அது பாதிதான் சரி. மாருதிக்கு ஸ்பேர் கிடைப்பது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும். பாடிக்கு வந்தால் கதை தலைகீழ். பதினாறு வயது மூத்த ஹெரால்டைக் காப்பாற்றிவிடலாம். துருப்பிடித்த மாருதியைக் காப்பாற்றுவது பெரும்பாடு. ஏன் என்று புரிய, இரண்டும் எப்படிப் பிறந்தன என்று பார்க்க வேண்டும்.

ஹெரால்டு பிறந்தது ஒரு நெருக்கடியில். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்துகொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தை, 1953-ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்துதர வேறு ஆள் சட்டென்று கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் மற்ற கார்களெல்லாம் சேசிஸை, அதாவது பாடியைத் தாங்கும் அடி இரும்புச் சட்டத்தை, விட்டுவிட்டு ஒற்றைக்கூடு அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. இவர்களோ வேறு வழியில்லாமல் பழைய முறைக்கே திரும்பினார்கள்: கீழே தனி சேசிஸ், அதன்மேல் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பல இடங்களில் அடித்து வாங்கி, போல்ட் போட்டு இணைத்த பாடி. டிசைன் மட்டும் இத்தாலியின் டூரினில் இருந்த ஜியோவான்னி மிக்கலோட்டியுடையது. 1959-ல் வெளியே வந்தபோது யாருக்கும் அது கட்டாயத்தில் செய்த வண்டி என்று தோன்றவில்லை, அவ்வளவு மிடுக்காக இருந்தது.

அந்தத் துண்டு பாடிதான் அதைக் கடல் தாண்டவும் வைத்தது. தகடு அடிக்கும் பிரம்மாண்டமான பிரஸ் எல்லாம் இல்லாத ஊரிலும் பெட்டி பெட்டியாக இறக்கிப் பூட்டிவிடலாம். ஆஸ்திரேலியா, தென் ஆப்பிரிக்கா எல்லாம் அப்படித்தான். மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961-ல் ஹெரால்டை ஆரம்பித்தது. இங்கிலாந்தில் அதே கார் 1147 சிசி, பிறகு 1296 சிசி என்று வளர்ந்தது. நம்மூரில் கடைசிவரை 948 சிசிதான். அதே இன்ஜினைத்தான் 1977 வரை, ஹெரால்டுக்கு அடுத்து வந்த கெஸல் காரிலும் போட்டார்கள். நாட்டில் மொத்தம் மூன்றே கார் கம்பெனிகள், எல்லாவற்றுக்கும் லைசென்ஸ், எல்லாவற்றுக்கும் காத்திருப்புப் பட்டியல். இன்ஜினை மாற்ற யாருக்கு அவசரம்? ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்கு கதவு ஹெரால்டு உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இங்கிலாந்தில் அது இரண்டு கதவுக் கார். குடும்பத்தோடு போகிறவர்களுக்காக நம்மூர்க்காரர்கள் செய்துகொண்ட மாற்றம் அது. நாமக்கல்லில் நிற்கும் வண்டி அந்த ரகம் என்பதால் அதற்கே தனி மதிப்பு உண்டு.

மாருதியின் கதை எல்லோருக்கும் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1981-ல் மாருதி உத்யோக், 1982-ல் சுசூகியோடு ஒப்பந்தம், 1983 டிசம்பர் 14-ல் குர்கான் தொழிற்சாலையின் முதல் காருக்கு இந்திரா காந்தி சாவி கொடுத்தார். விலை ஐம்பதாயிரத்தை ஒட்டி. ஜப்பானில் 1979-ல் வந்த ஆல்டோ-ஃப்ரான்டே குடும்பத்து வண்டி, 796 சிசி, மூன்று சிலிண்டர். இன்ஜின் குறுக்குவாக்கில் உட்கார்ந்து முன் சக்கரங்களை இழுக்கும். 1986-ல் பாடி மாறிவிட்டது. பிறகு 2014 ஜனவரி வரை நாம் தெருவெல்லாம் பார்த்தது அந்த இரண்டாவது பாடியைத்தான். சேலத்து வண்டி 1985 என்றால் முதல் பாடி, எஸ்எஸ்80. மூன்றே வருடம் வந்த ரகம். லட்சக்கணக்கில் ஓடிய கார்தானே என்று நினைத்துக்கொண்டு போனால், இந்தப் பாடிக்கு ஒரு கதவோ ஃபெண்டரோ தேடும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. பவரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, 35-லிருந்து 40 குதிரைத்திறனுக்குள். மாருதி இன்ஜின் 150 சிசி சின்னது, ஆனாலும் அதே அளவு இழுக்கிறது. எடையோ ஹெரால்டு 800 கிலோவை ஒட்டி, மாருதி 650-க்கும் கீழே. அதனால்தான் ஹெரால்டில் மூன்றாவது கியரில் முனகிக்கொண்டு ஏறுகிற மேட்டில் மாருதி ஓடிப்போய்விடும். 1984-ல் முதன்முதலாக மாருதியில் உட்கார்ந்தவர்கள் கியர் லிவரை ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். அதுவரை அவர்கள் ஓட்டிய வண்டிகளை நினைத்தால் அந்த ஆச்சரியம் நியாயம்தான். ஹெரால்டில் முதல் கியருக்கு சின்க்ரோ, அதாவது ஓடும்போதும் சத்தமில்லாமல் கியர் விழ உதவும் அமைப்பு, கிடையாது. வண்டி முழுக்க நின்ற பிறகுதான் முதல் கியர்; ஓடும்போது போட்டால் பல் கடிக்கும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். ஆனாலும் அதே காலத்து அம்பாசடரும் ஃபியட்டும் ஸ்டீயரிங் பக்கத்தில் கியர் வைத்திருந்தபோது, ஹெரால்டில் கியர் தரையில் இருந்தது. இளவட்டங்களுக்கு அது பெரிய விஷயம்.

இப்போது பாடிக்கு வருவோம், ஏனென்றால் பழைய கார் சாவது பாடியால்தான். இன்ஜினால் அல்ல.

ஹெரால்டின் பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் ஒவ்வொரு கைப்பிடி. இரண்டையும் விடுவித்துவிட்டு பின்பக்கம் பிடித்துத் தூக்கினால் ஃபெண்டர், ஹெட்லைட் எல்லாவற்றோடும் மூக்கு முழுவதும் முன்னால் சாய்ந்துவிடும். முன் சக்கரம், ஸ்டீயரிங் ராக், இன்ஜின் எல்லாம் வெட்டவெளியில். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். பையனுக்குக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. எது எதோடு இணைகிறது என்று கையால் தொட்டுக் காட்டலாம். பாடியும் அப்படியே. முன் கூடு, பின் கூடு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை எல்லாம் தனித்தனி. இரண்டு கதவு ரகத்தில் மேற்கூரையே போல்ட்டில்தான் நிற்கிறது. கழற்றி எடுத்தால் திறந்த கார். ஒரு துண்டு துருப்பிடித்தால் அந்தத் துண்டைக் கழற்றி, நல்ல டிங்கரிடம் கொடுத்து, அதே வளைவில் தகடு அடித்து மாட்டலாம். கதவுக்குக் கீழுள்ள பட்டை போனாலும் வண்டி மடங்காது, பாரம் தாங்குவது அது அல்ல.

பாரம் தாங்குவது சேசிஸ். அதில் பார்க்க வேண்டியது நடுத்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டுகிற மாதிரிப் போகும் இரும்புகளை, குறிப்பாகப் பின்பக்கம் டிக்கிக்குக் கீழே இருப்பதை. ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குத்திப் பாருங்கள். டக் டக் என்று கேட்டால் சரி. பொத் என்று உள்ளே போனால் வெல்டிங் வேலை இருக்கிறது. அப்போதும் பயப்பட வேண்டாம், அது கிராமத்து வெல்டரும் செய்யக்கூடிய வேலை. அளவு மட்டும் மாறக்கூடாது.

மாருதியில் சேசிஸ் என்று தனியாக எதுவும் இல்லை. தரை, கதவுப் பட்டை, சக்கர வளைவு எல்லாம் மெல்லிய தகட்டில் புள்ளி வெல்டிங்கால் ஒன்றாக்கிய ஒரே கூடு. அதுதான் அதன் எடைக் குறைவின் ரகசியம், அதுதான் அதன் சாவும். கார்ப்பெட்டுக்குக் கீழே மழைநீர் நின்று தரை அரித்தால் அரிப்பது வண்டியின் முதுகெலும்பே. பானெட்டைத் திறந்து, முன் ஷாக் அப்சார்பர் மேலே வந்து முட்டுகிற வட்டத்தைப் பாருங்கள். அதைச் சுற்றித் துரு பொங்கியிருந்தாலோ, புது தகடு ஒட்டி பெயிண்ட் பூசியிருந்தாலோ, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். நாற்பது வருட மாருதி பளபளவென்று இருந்தால் நான் முதலில் ஒரு காந்தத்தைத்தான் எடுப்பேன். ஒட்டாத இடமெல்லாம் தகடு இல்லை, மேலே பூசிய பட்டி.

இன்ஜின் பக்கம் மாருதிக்கு முழு மதிப்பெண். அதே 796 சிசி குடும்பம் ஆம்னியிலும் வந்தது, பிந்தைய 800-லும் வந்தது. ரிங், பேரிங், கேஸ்கட், வாட்டர் பம்ப் எதற்கும் அலைய வேண்டாம். எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடுவார். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று மட்டும் கேளுங்கள். "தெரியலை" என்று பதில் வந்தால் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

ஹெரால்டு இன்ஜினுக்குச் சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று அலைந்தால் ஏதாவது கிடைக்கும், கிடைக்காமலும் போகும். ஆனால் இங்கிலாந்தில் டிரையம்ப் வைத்திருக்கும் கூட்டம் பெரியது, இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். விலையும் கஸ்டம்ஸும் வலிக்கும், ஆனால் பொருள் இருக்கிறது. மிச்சத்தை கோயம்புத்தூர் லேத் பட்டறைகள் பார்த்துக்கொள்ளும். புஷ், பின், ஷாஃப்ட் என்று சாம்பிள் கொடுத்தால் போதும்.

வாங்கும் முன் ஹெரால்டு இன்ஜினில் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவரை உள்ளே உட்கார வைத்து கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் நின்று ஃபேன் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். அது முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நகர்ந்தால், கிராங்கை, அதாவது இன்ஜினுக்குள் சுழலும் முக்கியத் தண்டை, பிடித்து நிறுத்தும் அரைவட்ட வாஷர்கள் தேய்ந்துவிட்டன. அவை கழன்று கீழே விழுந்தால் கிராங்க் பிளாக்கையே அரைக்க ஆரம்பிக்கும். இந்தக் குடும்பத்து இன்ஜின்களுக்கே உரிய வியாதி இது. ஒரு நிமிட சோதனைதான், விலை பேசும்போது பெரிய பணம்.

ஓட்டும் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். இன்ஜின் சக்தியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் டிஃபரென்ஷியல் சேசிஸில் நிலையாக இருக்கிறது, அதிலிருந்து இரண்டு பக்கமும் அரை ஆக்சில்கள் கதவுக் கீல் போல ஏறி இறங்கும், மேலே குறுக்காக ஒரே பட்டா ஸ்பிரிங். பின்னால் ஆள் உட்கார்ந்தால் சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, வண்டி தவளை மாதிரி உட்காரும். அது பரவாயில்லை. ஆபத்து எதிர்த்திசையில். காலி வண்டியில் வேகமாக வளைவுக்குள் நுழைந்து, நடுவளைவில் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக் அடித்தாலோ, பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், வெளிச்சக்கரம் அடியில் மடங்கும், வால் சுற்றிக்கொண்டு போகும். நம்மூர் மெக்கானிக்குகளுக்கும் இந்த ஆக்சில் பிடிக்கவில்லை. அதனால்தான் கெஸலில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஒற்றை ஆக்சில் போட்டார்கள். கொல்லிமலை உங்களுக்குப் பக்கம், ஆசையாக இருக்கும். போங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் மெல்ல இழுத்துக்கொண்டே போனால் ஒன்றும் ஆகாது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்பதால் இறங்கும்போது கியரில் இறங்குங்கள்.

அதே ஹெரால்டின் முன் சக்கரங்களோ அதிசயம். முழு வட்டம் திரும்ப 25 அடி போதும். லண்டன் டாக்சி அளவு. பிந்தைய மாருதி 800-க்கு ஆரம் 4.4 மீட்டர், அதாவது வட்டம் கிட்டத்தட்ட 29 அடி. அரை மீட்டருக்கும் மேல் நீளமான கார் சின்னக் காரைவிடக் குறுகலாகத் திரும்புகிறது. காரணம் எளிது: மாருதியின் முன் சக்கரம் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். ஜாயிண்ட் ஓரளவுக்கு மேல் மடங்காது. ஹெரால்டின் முன் சக்கரத்துக்குத் திரும்புவது மட்டும்தான் வேலை.

ஆனால் அந்தத் திருப்பத்துக்கு ஒரு விலை இருக்கிறது. என் சித்தப்பாவிடம் தஞ்சாவூரில் ஒரு ஹெரால்டு இருந்தது, பால் வெள்ளை. முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டு, கீழே ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகாணி மாதிரி இறங்கியிருக்கும். ட்ரன்னியன் என்பார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் திருகு சுழலும். அதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, 90 நம்பர் கியர் ஆயில். நிப்பிளைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை கிரீஸ் கன்னுக்குத்தான் போகும். சித்தப்பா வண்டியை விட்ட பட்டறையிலும் அப்படித்தான், பல வருடம் கிரீஸ் அடித்தார்கள். கிரீஸ் திருகின் உள்ளே இறங்காது, தண்ணீர் இறங்கும். ஒருநாள் வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்து ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தபோது டப்பென்று ஒரு சத்தம். வலது முன் சக்கரம் ஃபெண்டருக்கடியில் படுத்துவிட்டது. சித்தி திண்ணையிலிருந்து "என்னங்க, கார் மண்டி போட்டுடுச்சு" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. வாசலில் நடந்ததால் சிரிக்கிறோம். பைபாஸில் நடந்திருந்தால் இல்லை. எனவே நாமக்கல் ஓனரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ட்ரன்னியனுக்கு என்ன போடறீங்க?" "ஆயில்" என்று சொன்னால் அந்த மனிதர் வண்டியைத் தெரிந்து வைத்திருக்கிறார், மற்றதையும் நம்பலாம். "கிரீஸ்தான்" என்றால் இரண்டு பக்கமும் கழற்றிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓட்டிவர வேண்டாம், லாரியில் ஏற்றுங்கள்.

பெட்ரோல் பற்றி: இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இரண்டு வண்டியும் அதற்காகச் செய்தவை அல்ல. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் ஊறி விட்டுவிடும். எது வாங்கினாலும் முதல் மாதமே ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். வாரக்கணக்கில் நிறுத்தினால் டேங்கை நிரப்பி வைத்து நிறுத்துங்கள். கோடையில் ஹெரால்டுக்கு ஏர் லாக் வரும், பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகிவிடும். பயப்படும் விஷயமில்லை. ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டு, பக்கத்தில் இருக்கும் சின்ன லிவரைக் கையால் நாலு தரம் அடித்தால் பெட்ரோல் ஏறிவிடும். இதையும் பையன் கற்றுக்கொள்ளட்டும்.

காகித வேலையில் 1969 வண்டிக்கு ஒரு சலுகை இருக்கிறது. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத தனியார் வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் அந்த மெட்ராஸ் நம்பர் பிளேட்டுக்காகவே சிலர் வாங்குகிறார்கள். ஆனால் விண்டேஜ் பதிவில் தினசரி ஓட்ட அனுமதி கிடையாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். ஞாயிறுதோறும் சுற்ற நினைக்கும் நீங்கள் சாதாரணப் பதிவையே ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. சேலத்து மாருதிக்கு 2035 வரை அந்த வழி மட்டும்தான். இரண்டிலும் ஆர்சி யார் பெயரில் இருக்கிறது, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். ஓனர் இறந்துபோய் வாரிசுகள் நாலு பேர் என்றால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் பேப்பர் சரியாகும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஹெரால்டு. பையன் இல்லாமல், தினமும் கடைக்குப் போய்வர ஒரு பழைய கார் என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் மாருதி என்று சொல்லியிருப்பேன். அது ஓடிக்கொண்டே இருக்கும், உங்களைத் தொந்தரவு செய்யாது. உங்களுக்கு வேண்டியதோ கொஞ்சம் தொந்தரவு. சேசிஸும் ட்ரன்னியனும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் நீங்களும் பையனும் ஒவ்வொரு ஞாயிறாகச் செய்துகொள்ளலாம். சேசிஸ் மோசம், சேலத்து வண்டியின் தரையும் ஷாக் அப்சார்பர் வட்டமும் சுத்தம் என்றால் மட்டும் மாருதிக்கு மாறுங்கள்.

முதலில் நாமக்கல் போங்கள். விடிகாலையில், ஸ்க்ரூடிரைவர், டார்ச், காந்தம், கூடவே உங்கள் ஊர் மெக்கானிக். முதல் நாளே ஓனருக்கு போன் செய்து, நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் எத்தனை தடவையில் பிடிக்கிறது, பிடித்ததும் பின்னால் என்ன நிறத்தில் புகை வருகிறது என்று நீங்களே நின்று பார்க்க வேண்டும்.